ஒரு தடவை மட்டும் கூப்பிட்ட குரல்

எழுபத்தொன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் எனக்குச் சோறு இறங்காமல் போனது. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தால் தொண்டையிலேயே நின்றுவிடும். திடீரென்று மூச்சு அடைக்கும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கைக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "மனச அமைதியா வச்சிக்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார் டாக்டர். அந்த அமைதிதான் எனக்கு வியாதியே என்று அவரிடம் எப்படிச் சொல்வது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நம் வெள்ளிக்கிழமைத் தியானக் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னை முன் வரிசையில் அசையாமல் உட்காருகிறவளாகத்தான் தெரியும். 'தனம் அக்காவுக்கு உட்கார்ந்தால் போதும், உலகம் மறந்துவிடும்' என்று கேலி செய்கிறீர்கள். உட்கார்ந்தால் போதும், எழுந்து ஓடிவிடுவேன் என்கிற மாதிரி எனக்கு ஒரு காலம் இருந்தது. அதை எழுதிக் கொடு என்று மங்கம்மா விடாமல் நச்சரித்ததால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரரிடமும் கேட்டுக்கொண்டேன். அவரும் எழுது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு தறி வீடு. ஒரே கூடம், அதில் பாதியைத் தறி பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பட்டில் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக இருக்கும். அதைச் சேர்த்து நெய்ய இரண்டு ஆள் வேண்டும். நெய்கிறவருக்கு வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு உண்டான நூல் வைத்த நாடாக் கட்டையைத் தள்ள வேண்டும். அந்த வலது பக்கத்து இடம் என் நாத்தனார் சாந்தாவுடையது. நான் கல்யாணமாகி வந்தபோது அவள் பாவாடை கட்டிய பெண். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தாள். நாத்தனார் என்றால் ஊரில் ஆயிரம் கதை சொல்வார்கள், எனக்கு அப்படி ஒரு கதை கூடக் கிடைக்கவில்லை. காராசேவு பொட்டலத்தை ஒளித்து வைத்து எனக்குப் பாதி தருவாள். இருட்டு என்றால் அவளுக்கு உயிர் போய்விடும். கொல்லைப்புறம் போக வேண்டுமென்றால் கூட என்னை எழுப்பித் துணைக்கு நிறுத்துவாள். நின்றால் மட்டும் போதாது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

தறியில் அவள் நாடாவில் நூல் தீர்ந்துவிட்டால், நூல் சுற்றிய புதுத் தார் வேண்டும். அடுப்படியில் இருக்கிற என்னைத்தான் கூப்பிடுவாள். "அண்ணி" என்று ஒரு குரல். கடைசியில் கொஞ்சம் இழுத்து, மேலே தூக்கி. நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தாரோடு போய் நிற்பேன்.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் இருந்தாள், கண்ணில் மஞ்சள் குறைந்த மாதிரி இருந்தது. அதை நம்பி நான் கூரத்துக்கு, அம்மா வீட்டுக்கு, என் தங்கை வளைகாப்புக்குப் போனேன். "நீ போ அண்ணி, எனக்கு வளையல் கொண்டா" என்று அவள்தான் அனுப்பி வைத்தாள். அடைமழையில் பஸ் வரவில்லை. மறுநாள் காலையில்தான் திரும்பினேன். தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் பொழுது விடிந்தால் எல்லா வீட்டிலும் தறி ஓடும். அமாவாசைக்குத் தறி போட மாட்டோம். அது தவிர ஒரு வீட்டில் சத்தம் நின்றால் சாவு என்று அர்த்தம். அன்று அமாவாசை இல்லை. எங்கள் வீட்டுக்கு ரெண்டு பக்கத்து வீடுகளிலும் கூடச் சத்தம் இல்லை.

வளையல் என் கையிலேயே இருந்தது. அதை அவள் கையில் போட்டுத்தான் அனுப்பினோம்.

"கடசியா எதுனா சொன்னாளா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "தூங்கனமேனிக்கே போயிட்டா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தங்கையைப் பறிகொடுத்தவர் யார் முகத்தைப் பார்ப்பார் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வலது பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். வேறு ஆள் இல்லை. வீட்டில் பேச்சு குறைந்தது, சத்தம் கூடியது. என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டார். தறி ஓடாத நேரத்தில் ராட்டையை எடுத்து வைத்துக்கொண்டு தார் சுற்றுவார். ஒரு மாதத்துக்கு வேண்டிய தார் கூடையில் குவிந்து கிடக்கும், அப்போதும் சுற்றுவார். விடிவதற்கு முன்னால் எழுந்தால் முதல் வேலை ராட்டைதான். உழைப்பாளி என்று தெருவே மெச்சியது. நானும் பெருமைப்பட்டேன். எனக்கும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. சத்தம் நின்றால் அந்த ஐப்பசிக் காலை திரும்பி வந்துவிடும்.

எழுபத்தொன்று தை மாதம் மங்கம்மா என்னை இந்தக் கூட்டத்துக்கு இழுத்து வந்தாள். மங்கம்மாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எதிர் வீடு, பட்டுக்குச் சாயம் போடுகிற குடும்பம், வாரத்துக்கு ஒரு நிறமாக விரல் மாறும். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. தியானம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குறட்டை விடுவாள். கேட்டால் "அம்பாள் மடில தூங்கனா தப்பா?" என்பாள். கூட்டத்தில் உட்காருவது எனக்குக் கஷ்டமாக இல்லை. யாராவது இருமுவார்கள், வளையல் குலுங்கும், மங்கம்மா குறட்டை விடுவாள். அந்த நேரத்தில் நெஞ்சுக்கு உண்மையிலேயே இதமாக இருந்தது. அதனால்தான் வீட்டிலும் தினமும் விடியற்காலையில் உட்கார வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னபோது உற்சாகமாகத் தலையாட்டினேன்.

வீட்டில் முதல் நாள் பாயை விரித்து, அம்பாள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்தேன். பால்காரர் வந்துவிடுவாரே என்று தோன்றியது. எழுந்து சொம்பை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அரிசி ஊற வைக்கவில்லை என்று தோன்றியது. எழுந்தேன். கால் மரத்தது, எறும்பு கடித்தது, கதவு திறந்திருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. மறுநாளும் இதே கதை. தினமும் சாமிக்கு முன்னால் நான் உட்கார்ந்ததை விட எழுந்ததுதான் அதிகம். வேலைக்காரி மாதிரி நானே என்னை ஏவிக்கொண்டிருந்தேன். இது சோம்பேறித்தனம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். சோம்பேறித்தனமாக மட்டும் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஒரு நாள் சாக்கு எல்லாம் தீர்ந்துபோயிற்று. பாலும் வந்துவிட்டது, அரிசியும் ஊறிவிட்டது. என் வீட்டுக்காரர் ராட்டையை நிறுத்திவிட்டு முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்தார். நான் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தேன். மெள்ள மெள்ள உள்ளே அடங்கியது. அப்போது தறிப் பக்கமிருந்து, என் வலது காதுக்குப் பின்னால்,

"அண்ணி."

கடைசியில் இழுத்து, மேலே தூக்கி. நூல் தீர்ந்துவிட்டது என்று கூப்பிடுகிற அதே குரல்.

நான் எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டேன். ஏன் ஓடினாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, வாசலில் யாரோ வந்த மாதிரி இருந்தது என்று பொய் சொன்னேன்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நாம் எல்லோரும் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்ததுதான். விளக்கு வைக்கிற நேரத்தில், இருள் பிரியாத நேரத்தில், வெளியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. மூன்று தடவை கூப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். மனிதர் என்றால் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும், பதில் சொன்னால் அழைத்துக்கொண்டு போய்விடும். என் வாழ்க்கையில் இந்த விதியை நான் மீறியதில்லை. வாசலில் ஒரு குரல் கேட்டால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன், இரண்டாவது குரல் வந்தால்தான் மூச்சு விடுவேன்.

சாந்தாவின் குரல் ஒரு தடவைதான் வந்தது. மறுநாளும் ஒரு தடவை. அதற்கு மறுநாளும். உள்ளே அடங்கி ஒரு அமைதி வருகிற நேரமாகப் பார்த்து வரும். குரலை விட அதற்குப் பின்னால் வருகிற காத்திருப்புதான் எனக்குப் பயங்கரம். அடுத்தது வருமா என்று உடம்பெல்லாம் காதாகிவிடும். வராது. நான் எழுந்துவிடுவேன். பிறகு உட்காருவதற்கே பயந்தேன். படுத்தால் பயம், சாப்பிட உட்கார்ந்தால் பயம். தறியில் சத்தம் இருக்கிற வரை பரவாயில்லை. இழை அறுந்து அவர் அதைப் பிணைக்கிற நேரத்தில் கூட எனக்கு வியர்த்துவிடும். ஆனி மாதத்தில் சோறு இறங்காமல் போனது இதனால்தான்.

சாந்தா என் மேல் உயிராக இருந்தவள். அவளுக்குப் பயந்து ஓடுகிறோமே என்கிற வேதனை ஒரு பக்கம், அழைத்துக்கொண்டு போய்விடுவாளோ என்கிற பயம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நான் காய்ந்துகொண்டிருந்தேன்.

என்னைப் பார்க்க அம்மா கூரத்திலிருந்து வந்தாள். என் கோலத்தைப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டாள். என்ன ஏது என்று குடைந்து கேட்டாள், நானும் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"ஏண்டி, கல்யாணம் காச்சி பாக்காம போன பொண்ணுடி அது. ஒன் மேல உசுரா இருந்துது. வுடுமா? கூட்டிக்கினு போவத்தான் வந்துக்கினு இருக்குது" என்றாள் அம்மா.

"அப்டி சொல்லாதம்மா."

"இன்னா சொல்லாத. தென்னேரி ஏரிக்கரப் பக்கம் ஒரு பூசாரி இருக்காரு. ஆடி அமாவாச அன்னிக்கு ஒன்ன ஒக்கார வெச்சி ஓட்டிடுவாரு. உச்சி மயிர ஆணில சுத்தி, புளிய மரத்துல அடிச்சிட்டா அப்பறம் அது எங்கயும் போவாது. மரத்தோட கெடக்கும்."

கொல்லைப்புறத்துக்குத் தனியாகப் போகப் பயப்படுகிற பெண். அவளை ஏரிக்கரையில், யாருமில்லாத இடத்தில், ஒரு மரத்தில் வைத்து அடித்துவிட்டு வருவதா. மழை பெய்தால், இருட்டினால், யாரைக் கூப்பிடுவாள். என் வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்று நினைத்தேன். ராட்டையை நிறுத்தாமலே அம்மா சொன்னதைக் கேட்டார்.

"உங்க இஷ்டம் அத்த. அவளுக்கு ஒடம்பு சரியானா போதும்" என்றார்.

அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. கூடப் பிறந்தவள். கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா. "கல்லு மனசு உங்களுக்கு" என்றேன். ராட்டைதான் சுற்றியது.

ஆடி அமாவாசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் மங்கம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்கு நடந்தாள். மாமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். அந்த வாரம் அவள் விரலெல்லாம் அரக்கு நிறம்.

"தனம், ஒன்னு கேக்கறேன். இங்கதான அம்பாள் தபசுல ஒக்காந்துக்கினு இருந்தா?"

"ஆமா."

"மண்ணுல லிங்கம் புடிச்சி வெச்சிக்கினு ஒக்காந்தா. ஆத்துல வெள்ளம் வந்துது. அவளுக்கு பயமா இருந்துதா இல்லயா?"

"இருந்திருக்கும்."

"இருந்துதான கட்டிப் புடிச்சிக்கினா? பயம் இல்லன்னா எதுக்கு கட்டிப் புடிக்கறா? ஆனா எழுந்து ஓடல பாரு. அவ்ளோதான் அவளுக்கும் நமக்கும் வித்தியாசம். நீ பயத்த எடுத்துடு எடுத்துடுன்னு கேட்டுக்கினு இருக்கற. அவளே பயந்தவதான், எப்டி எடுப்பா?"

மங்கம்மா படித்தவள் இல்லை, சொற்பொழிவு கேட்டவளும் இல்லை. கேட்டாலும் தூங்கியிருப்பாள். ஆனால் அன்று அந்த மரத்தடியில் எனக்கு வேறு மாதிரி வேண்டிக்கொள்ளத் தெரிந்தது. அதுவரை 'தாயே, அந்தக் குரல் வராமல் செய்' என்று வேண்டினேன். அன்று, 'தாயே, சாந்தாவை ஆணியில் அடிக்க விடாதே. எனக்குப் பயம் போகாவிட்டாலும் போகட்டும். ஒரே ஒரு தடவை நான் எழுந்திருக்காமல் உட்கார வை' என்று வேண்டினேன். வேண்டிவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. வெகு நாளைக்குப் பிறகு கோயில் வாசலில் ரெண்டு வடை சாப்பிட்டேன்.

ஆடி அமாவாசை வந்தது. காலை முதல் பஸ்ஸில் அம்மா வந்து என்னைத் தென்னேரிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. விடியற்காலையில் எழுந்து குளித்தேன். அமாவாசை என்பதால் தெருவில் ஒரு தறி ஓடவில்லை. எங்கள் வீட்டு ராட்டையும் மூலையில் கிடந்தது, அமாவாசைக்கு அதையும் தொடமாட்டோம். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். ஊரே காதைப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்தது. தறியும் ராட்டையும் இல்லாத அந்த அமைதியில் என் இரத்தம் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

நான் படத்துக்கு முன்னால் பாய் விரிக்கவில்லை. விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு, தறிக்குப் போய் வலது பக்கத்தில், சாந்தாவின் இடத்தில் உட்கார்ந்தேன். குரல் வருகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டால் ஓட எங்கே போவது என்று ஒரு முரட்டு எண்ணம். கண்ணை மூடினேன்.

அரிசி ஞாபகம் வந்தது. அம்மா வருகிற பஸ் ஞாபகம் வந்தது. வரட்டும் என்று விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் அடங்கியது. எனக்குத் தெரியும், இப்போது வரும்.

"அண்ணி."

இந்தத் தடவை காதுக்குப் பின்னால் இல்லை, எனக்குள்ளேயே என்பது போல, அவ்வளவு பக்கத்தில். கால் இரண்டும் தானாக எழப் பார்த்தன. நெய்த சேலையைச் சுற்றுகிற மரம் என் முன்னால் இருந்தது. அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். நெஞ்சை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். அடுத்த குரலுக்காக உடம்பு காத்திருந்தது. வரவில்லை. பல் கிட்டியது. தாயே, தாயே என்பதைத் தவிர வேறு மந்திரம் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் அது எனக்குத் தோன்றியது. சாந்தா உயிரோடு இருந்தபோது என்னை எப்போதாவது இரண்டாவது தடவை கூப்பிட்டிருக்கிறாளா? இல்லை. ஒரு நாள் கூட இல்லை. அவள் ஒரு தடவை கூப்பிடுவாள், நான் போய் நிற்பேன். இரண்டாவது தடவைக்கு அவளுக்கு வேலையே வைத்ததில்லை. இது பேயின் கணக்கில்லை. இது சாந்தாவின் பழக்கம். அண்ணி வந்துவிடுவாள் என்று தெரிந்தவள் எதற்கு மறுபடி கூப்பிட வேண்டும்.

என் வாய் தானாகத் திறந்தது.

"இன்னா சாந்தா? இங்கதான் இருக்கேன். சொல்லும்மா."

வாய் விட்டுச் சொன்னேன். சொன்னதும் செத்துவிடுவேன் என்று ஒரு கணம் நினைத்தேன். சாகவில்லை. குரல் எதுவும் வரவில்லை. அந்த அமைதி அப்படியே இருந்தது, ஆனால் அதில் பல் இல்லை. மூச்சு அடிவயிறு வரை போய்த் திரும்பியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முழு மூச்சு.

பின்னால் பாய் சரசரத்தது. என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு கூட பேசற?"

"சாந்தா கூட."

"அவ இன்னா சொல்றா?"

"ஒன்னும் சொல்லலீங்க. எப்பவும் அண்ணின்னு ஒரே ஒரு தடவ கூப்புடுவா. அவ்ளோதான்."

அம்மாவிடம் நான் சாந்தாவின் குரல் கேட்கிறது என்று சொன்னதுதான் அவருக்குத் தெரியும். அது என்ன குரல், எத்தனை தடவை என்று அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. விளக்கு வெளிச்சத்தில் கூட அது தெரிந்தது.

"ஒனக்கு யாரு சொன்னது?"

"எத?"

"ஒரு தடவதான் கூப்ட்டான்னு ஒனக்கு யாரு சொன்னது தனம்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தவழ்ந்து வந்து தறியில் கால் வைக்கிற குழிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றியை அந்த மரத்தின் மேல் வைத்துக்கொண்டு பேசினார்.

"நீ கூரத்துக்குப் போன அன்னிக்கு. வெளக்கு வெக்கற நேரம், மழ ஊத்திக்கினு இருந்துது. நான் திண்ணைல ஒக்காந்து ராட்டைல தாரு சுத்திக்கினு இருந்தேன். உள்ளேர்ந்து அண்ணின்னு ஒரு கொரலு. நீ ஊர்ல இல்லன்னு அவளுக்குத் தெரியும். ஊட்ல இல்லாத ஆள யாரு கூப்புடுவா? எனக்கு மயிர்க்கால் நின்னுடுச்சி. ராட்டைய நிறுத்திட்டு காதக் குடுத்துக்கினு இருந்தேன். இன்னொரு தடவ கூப்ட்டா எழுந்து போலாம்னு. வரல. சரி, அது அவ இல்ல, வேற எதுவோன்னு மறுபடியும் சுத்த ஆரம்பிச்சிட்டேன்."

கட்டியிருந்த மரத்திலிருந்து நான் கையை எடுத்தேன்.

"அப்பறம் கஞ்சி எடுத்துக்கினு போனேன். ஒடம்புல சூடு கூட இருந்துது தனம். நான் அப்பவே எழுந்து போயிருந்தா..."

இருபது மாதமாக ஓடிக்கொண்டிருந்த ராட்டைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரிந்தது. அது உழைப்பில்லை. அந்த ஒரு குரல் மறுபடியும் காதில் விழாமல் இருக்கத்தான் அவர் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆணி அடிக்க ஒத்துக்கொண்டதும் அதற்குத்தான். அண்ணியை வந்து கூப்பிடுகிற தங்கை என்றாவது ஒரு நாள் அண்ணனைக் கேள்வி கேட்பாளோ என்கிற பயம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. கை கூட ஓங்கியிருக்கும். ஆனால் அந்த அந்திப் பொழுதில் ராட்டைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தேன். நானும் இரண்டாவது குரலுக்குத்தான் காத்திருப்பேன். நம்மில் யார் எழுந்து போயிருப்போம்? ஓங்க வந்த கை அவர் தலை மேல் போய் நின்றது.

"அவ என்ன எப்பவும் ஒரு தடவதாங்க கூப்புடுவா. நான் வந்துடுவேன்னு தெரியும் அவளுக்கு. கூப்ட்டதுக்கு இன்னிக்கு பதில் சொல்லிட்டேன். போதும்" என்றேன்.

அவர் குழந்தை மாதிரி அழுதார். சாந்தா செத்த அன்று கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

அம்மா வந்தபோது நாங்கள் இருவரும் தறியில்தான் உட்கார்ந்திருந்தோம். கையில் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் உள்ள பை. "இன்னும் கெளம்பலியா? பூசாரி கோழிக்குச் சொல்லி வச்சிட்டாரு" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவள் முன்னால் நின்றார்.

"அத்த, ஆணி அடிக்கறதா இருந்தா எனக்குத்தான் அடிக்கணும். எந்தங்கச்சிய வுட்டுடுங்க" என்றார்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னோம். அவள் வெகு நேரம் வாயைத் திறக்கவில்லை, அதுவே ஒரு அற்புதம். பிறகு பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, "சரி, சோத்துக்காவது புழிஞ்சிக்கலாம்" என்று அடுப்படிக்குள் போனாள். அன்று சாந்தாவுக்குப் படையல் போட்டோம். புது வளையலும் ஒரு பொட்டலம் காராசேவும் இலையில் வைத்தேன். காராசேவில் பாதிதான் வைத்தேன். மீதி என் பங்கு.

அந்தக் கடைசிக் குரலை நான் கேட்டதே இல்லை. நான் அன்று கூரத்தில் மழையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கேட்டவர் இவர், யாரிடமும் சொல்லவும் இல்லை. அது எப்படி என் காதுக்கு வந்தது, அதே மாதிரி, ஒரே ஒரு தடவை? எனக்குத் தெரியாது. அம்பாளைக் கேட்டேன், அவளும் சொல்லவில்லை. குரலை நிறுத்து என்று நான் வேண்டியபோது அவள் நிறுத்தவில்லை. உட்கார வை என்று வேண்டியபோது வைத்தாள். அதனால் எது வர வேண்டுமோ அது வந்தது. இரண்டு பேர் மூச்சு திரும்பி வந்தது. இதற்கு நான் எந்த ஜன்மத்தில் நன்றி சொல்லித் தீர்ப்பேன்.

அன்று முதல் விடியற்காலையில் நாங்கள் இருவரும் உட்காருகிறோம். தறியில் அவர் இடத்தில் அவர், வலது பக்கத்தில் நான். ராட்டை நாங்கள் எழுந்த பிறகுதான் சுற்றும். எனக்குச் சோறு இறங்குகிறது, வளையல் மணிக்கட்டுக்குத் திரும்பிவிட்டது. தினமும் சுகமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இன்னும் சில நாள் பால்காரர் ஞாபகம் வருகிறது. ஐப்பசி மழை பிடித்தால், எல்லாம் அடங்குகிற நேரத்தில், அந்தக் குரலும் வருகிறது. "இங்கதான் இருக்கேம்மா" என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புகிறேன். பயம் இருக்கிறது. நான் எழுவதில்லை.

உட்கார முடியவில்லை, ஏதோ ஒன்று எழுப்பி விரட்டுகிறது என்று உங்களில் சிலர் என்னிடம் சொல்கிறீர்கள். அது சோம்பலாக இருக்கலாம், அரிசியாக இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். வெகு நாளாக உங்களைக் கூப்பிட்டுக்கொண்டு பதில் கிடைக்காமல் நிற்கிற ஏதாவது ஒன்றாக இருக்கலாம். அம்பாளைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் எழுந்திருக்காமல் இருந்து பாருங்கள். அவள் விடமாட்டாள். வெள்ளத்திலேயே விடாதவள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் யார் குரல் கேட்டாலும், பாதி தறியில் இருந்தாலும், என் வீட்டுக்காரர் "தோ வந்துட்டேன்" என்று எழுந்து ஓடுவார். சில நாள் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போதும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்கள் தெருப் பக்கம் வந்தால் நீங்களும் வாருங்கள். ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.